வாசலில் கிடந்த செருப்புகள்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு கடையின் மேல்மாடியில் கணித வகுப்பு நடத்துகிறேன். மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் நான் சொல்வது எனக்கே கேட்காது.

வருகிறவர்கள் பெரும்பாலும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள். பட்டம் முடித்த பழைய மாணவி ஒருத்தி ஒருநாள் வந்து, வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜிஆர்இ எழுதப் போவதாகச் சொன்னாள். "சின்ன வகுப்புக் கணக்குத்தான் சேர், ஆனா பிழைச்சுப் போகுது." பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒற்றை எண், இரட்டை எண். இதிலா பிழைக்கிறது என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

சிரித்த வாய் முதல் கேள்வியிலேயே மூடிக்கொண்டது. எக்ஸின் மூன்று மடங்கு இரட்டை எண் என்றால், எக்ஸ் இரட்டையா? "ஆமா" என்றாள், நானும் தலையாட்டினேன். விடைப் பக்கத்தில் 'தீர்மானிக்க முடியாது' என்றிருந்தது. எக்ஸ் ஒரு நிறைவெண், அதாவது பின்னமில்லாத முழு எண், என்று கேள்வியில் எங்கேயும் இல்லை! எக்ஸ் மூன்றில் இரண்டு என்று வைத்தால் மூன்று மடங்கு 2 ஆகிவிடும். எக்ஸோ ஒற்றையிலும் சேராது, இரட்டையிலும் சேராது. 2023 செப்டம்பருக்குப் பிறகு அந்தப் பரீட்சையின் கணிதப் பகுதியில் 47 நிமிடத்தில் 27 கேள்விகள். அந்த ஓட்டத்தில் 'நிறைவெண்' என்ற சொல் இருக்கிறதா, இல்லையா என்று யார் பார்ப்பார்கள்? கேள்வி எழுதுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. எக்ஸ் ஒரு நிறைவெண். அதன் வர்க்கத்தோடு எக்ஸையும் ஒன்றையும் கூட்டினால் வருவது எப்போதும் ஒற்றையா, எப்போதும் முதன்மை எண்ணா, அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்ணா? அவள் 1, 2, 3 என்று போட்டாள். வந்தவை 3, 7, 13. மூன்றும் முதன்மை எண்கள். பேனை அந்த விடைக்கே போய்விட்டது. "நாலையும் போட்டுப் பாரு" என்றேன். 21. எண்களைப் போட்டுப் பார்ப்பது ஒரு விடையை வெட்டத்தான் உதவும், நிறுவ உதவாது. ஒற்றை என்பதற்குக் காரணம் வேறு: எக்ஸ் வர்க்கமும் எக்ஸும் சேர்ந்தது, எக்ஸையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கியதுதான். அடுத்தடுத்த இரண்டில் ஒன்று இரட்டை, ஆகவே பெருக்கமும் இரட்டை. ஒன்றைக் கூட்டினால் ஒற்றை.

அப்புறம் அவள் கேட்டாள்: "பூச்சியம், சேர்?"

"அது ரெண்டுலயும் சேராது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிழை. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. பூச்சியத்தை இரண்டால் வகுத்தால் மீதி இல்லை, அது இரட்டை எண்தான். நேர் எண்ணும் இல்லை, மறை எண்ணும் இல்லை என்பதோடு குழப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை சாதாரண தரப் பிள்ளைகளும் இருக்கும்போதே அதைத் திருத்தினேன். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. "ஒண்ணுமே இல்லாதது எப்படி சேர் இரட்டை?"

பின் வாங்கில் இருந்த பொடியன் ஒருவன் வாசலைக் காட்டினான். "எத்தனை பேர் வந்தாலும் செருப்பு ஜோடி ஜோடியாத்தானே கெடக்கும். மழைக்கு யாருமே வரலைன்னாலும் ஒத்தச் செருப்பு மிஞ்சாதுதானே அக்கா."

அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். நான் வாசலை எட்டிப் பார்த்தேன். சேற்றோடு பதினெட்டு செருப்புகள் கிடந்தன. என்னுடையதையும் சேர்த்து.