சடச்சி வில்லுக்கு நரம்பு ஒட்டல்: இரண்டாம் வரிசையில் ஓரம் தூக்கியதும் அதன் காரணமும்

வில்லின் முதுகில் (எய்பவருக்கு எதிர்ப்பக்கம்) எருமைக் குதிகால் நரம்பின் நாரைப் பசையில் முக்கி இரண்டு வரிசையாக ஒட்டும் வேலை இது. இரண்டாம் வரிசை ஒட்டிய பத்தாம் நாள், கீழ்க்கையின் (வில்லின் கீழ்ப்பாதி) முனையிலிருந்து உள்ளே 7 செ.மீ. வரை இடது ஓரம் தூக்கிக்கொண்டது. ஒட்டியிருக்கும் இடமெல்லாம் தேன் நிறத்தில் உள்ளே வெளிச்சம் போகிற மாதிரி இருக்கிறது. தூக்கிய இடம் மட்டும் வெள்ளையாகப் பூத்துப்போய், நகத்தால் தட்டினால் டொக் டொக்கென்று காலி ஓசை தருகிறது. ஒட்டிய இடத்தைத் தட்டினால் மரத்தைத் தட்டுகிற ஓசைதான் வரும். கண்ணைவிட நகத்தை நம்பலாம். வெள்ளை தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஓசை மாறிவிடுகிறது.

வில்லின் கணக்கு: சடச்சி மரம், குதைக்குக் குதை (நாண் மாட்டும் வெட்டுகளுக்கு நடுவே) 54 அங்குலம், கைப்பிடியை ஒட்டி அகலம் 42 மி.மீ., முனையில் 14. நரம்பு ஏறும் முன் 505 கிராம். முதல் வரிசைக்குக் காய்ந்த நார் 60 கிராம், இரண்டாவதற்கு 55. எருமையின் பின்னங்கால் ஒன்றில் உறை நீக்கிச் சுத்தமாகக் கிடைப்பது 20 முதல் 30 கிராம் என்பதால் ஐந்து கால் தேவைப்பட்டது. மான் நரம்புதான் நீளம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்க வேண்டியிருக்கும். எருமை நரம்பு நீளம் குறைவென்றாலும் செங்கல் கட்டுகிற மாதிரி மூட்டு மாற்றி அடுக்கினால் ஒரு குறையும் இல்லை. பாலக்காடு மாவட்டக் கொல்லங்கோடு பக்கக் கறிக்கடைகளில் முதல் நாளே "குதிகால் நரம்பை முழுசாக விட்டு அறுத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் முட்டிக்கு மேலே வெட்டிப் பாதி நீளத்தைப் போக்கிவிடுவார்கள்.

காய்ந்த நரம்பை நாராக இடிப்பதற்கு மரச் சுத்தியும் அம்மிக்கல்லும் போதும். இரும்புச் சுத்தியின் விளிம்பு நாரை அறுக்கும். பிரித்த நாரைப் பேன் சீப்பால் வாரி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். கொழுப்பு தங்கிய நாரில் பசை பிடிக்காது.

இப்போது ஓரம் தூக்கிய விஷயத்துக்கு வருவோம். முதலில் சந்தேகம் வச்சிரத்தின் (தோலிலிருந்து காய்ச்சும் தச்சுப் பசை) மேல்தான் விழுந்தது. அது தப்பு. அதே கலவையில் ஒட்டிய மேல்கை கல் மாதிரி இருக்கிறது. காரணம் இரண்டு. ஒன்று, பசையின் சூடு. வச்சிரத்தை இரட்டைப் பாத்திரத்தில் 60 டிகிரியில் கரைப்பது சரி. அந்தச் சூட்டிலேயே நாரை முக்கினால் போச்சு. ஈர நரம்பு 60-ஐத் தாண்டும்போது சுருண்டு, பாதியாகக் குறுகி, ரப்பர் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அதற்கு இழுவலு கிடையாது. முக்கும் பாத்திரத்தில் 48 முதல் 50 டிகிரிதான் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் விரலை உள்ளே வைத்துப் பார்க்கலாம். சுட்டாலும் சில நொடி தாங்க முடிகிற சூடு அது. கீழ்க்கையின் கடைசிக் கற்றைகள் பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றி இறக்கிய உடனே முக்கியவை. அந்த இடத்தில் நாரைப் பிரித்துப் பார்த்தால் நுனி சுருண்டிருப்பது தெரிகிறது.

இரண்டாவது காரணம் காற்று. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று தமிழக-கேரள எல்லையிலுள்ள கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பகலெல்லாம் அடிக்கும். நரம்பு காய இதைவிட நல்ல பருவம் இந்த எல்லையில் கிடையாது. ஆடிச் சாரலில் ஒட்டினால் மூன்றாம் நாளே பூசணம் பூக்கும். சித்திரை வெயிலில் ஒட்டினால் வேறு தொல்லை: பசை 30 டிகிரிக்கு அருகே வந்தால்தான் உறையும், அறையே 37-இல் இருந்தால் கற்றை உறையாமல் பக்கவாட்டில் வழுக்கி இறங்கும். ஆனால் இந்த நல்ல காற்றிலும் வில்லை நேராகக் காட்டக் கூடாது. மேல்தோல் ஒரே நாளில் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். உள்ளே இருப்பது பின்னால் காய்ந்து சுருங்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்கும். வில்லைத் தொங்கவிட்ட ஜன்னல் பக்கம்தான் இடது ஓரம் இருந்தது. காற்றுப் படாத உள்ளறையில், முதல் ஐந்து நாள் பருத்தித் துணி சுற்றித் தொங்கவிடுவதே சரியான முறை.

பழுது பார்த்த விதம்: மெல்லிய பிளேடால் தூக்கிய ஓரத்தை அடிவரை திறந்து, சுருண்ட நாரை வெட்டி எடுத்தாயிற்று. வெந்நீர் தொட்ட தூரிகையால் இரண்டு பக்கமும் நனைத்து, 50 டிகிரிப் பசை விட்டு, புது நார் மூன்று கற்றை வைத்து அழுத்தி, அரை அங்குலப் பருத்தி நாடாவால் நெருக்கமாகச் சுற்றியாயிற்று. ஒரு நாள் கழித்து நாடாவை அவிழ்க்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் நாடாவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இப்போது நகத்தால் தட்டினால் மர ஓசை கேட்கிறது.

கற்றையைப் பிழிவதிலும் கவனம் வேண்டும். பென்சில் பருமன் கற்றையை முக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே இழுப்பில் உருவ வேண்டும். சொட்டக் கூடாது, வறளவும் கூடாது. பசை அதிகமானால் காய்ந்தபின் குறுக்கு வெடிப்பு விழும். நடுக்கோட்டில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரக் கற்றையை நுனியில் மெலிந்து முடிய வைக்க வேண்டும். முனையில் நரம்பைக் குறைப்பது நல்லது. அது மரத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம், முனை கனத்தால் அம்பின் வேகம் போகும்.

வச்சிரம் பற்றி ஒரு வார்த்தை. தச்சுப் பட்டறைகளில் இப்போது ஃபெவிகால்தான். வச்சிரம் கேட்டால் பழைய ஆசாரிகள்தான் தலையாட்டுகிறார்கள். தபாலில் வரவழைத்த ஒரு மூட்டை கருத்து, நாறி, குளிர்ந்த நீரில் போட்டதும் கரைந்தேவிட்டது. நல்ல வச்சிரம் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறினாலும் கரையாது, உப்பிக்கொண்டு ஜெல்லி மாதிரி நிற்கும். அதை வாங்குமுன் ஒரு துண்டு கேட்டுச் சோதிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பேக்கரிச் சாமான் கடையில் விற்கும் ஜெலட்டின் வாங்கலாம். 250 புளூம் (ஜெலட்டின் உறையும் வலுவின் அளவு) என்று போட்டிருப்பது நல்லது. எடையில் ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்பது கற்றை முக்க. மர முதுகில் முதலில் பூசும் கோட்டுக்கு ஐந்து பங்கு. அந்தக் கோட்டுக்கு முன் முதுகை ஹாக்சா பிளேடின் பல்லால் நீளவாக்கில் கீறி, சலவை சோடா நீரால் துடைப்பதை விடக் கூடாது.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள சமையலறைத் தராசு போதும். இரண்டாம் வரிசை ஒட்டிய அன்று 745 கிராம். நான்காம் நாள் 689, எட்டாம் நாள் 679, பன்னிரண்டாம் நாள் 675. மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை நின்றால் அடுத்த வேலை. பழுதின் ஈரத்தால் அது மறுபடி 681-க்கு ஏறியிருக்கிறது. வில் எதிர்ப்பக்கம் கயிறு கட்டி 4 அங்குலம் வளைத்த நிலையில் இருக்கிறது. நரம்பு சுருங்கச் சுருங்கக் கயிறு தளர்கிறது.

அடுத்த வில்லில் எருமைக் கொம்புத் தகட்டை வயிற்றுப் பக்கம் (எய்பவரைப் பார்த்த பக்கம்) ஒட்டும் யோசனை இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் நல்ல நீளக் கொம்பு கிடைக்கும், 40 செ.மீ. நேர் தகடு எடுக்க இணையாக இரண்டு கொம்பு பார்த்து வாங்க வேண்டும். இந்த வில்லுக்கு அரக்கு பாலிஷ் நான்கு மெல்லிய கோட், மழைக்கு முன் முடிக்க வேண்டும். நாண் மாட்டி 45 பவுண்டு இழுவிசை பார்ப்பது எடை நின்று ஒரு மாதம் கழித்துத்தான்.