சிலிம் ரிவருக்குப் பழைய ரோட்டில் போங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், 1942-ல் ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்த பழைய போர்க்களம் சிலிம் ரிவர். பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் காசு விஷயம். சிலிம் ரிவர் ஸ்டேஷனில் கார் பிடித்தால், வடக்கே இருக்கும் துரோலாக் போய், அங்கே நின்று பார்த்துத் திரும்ப மொத்தம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று ஏறும் முன்பே பேசி முடியுங்கள். ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ‘வெயிட்டிங்’ என்று இன்னொரு கணக்கு. பகல் கொள்ளை! இ.டி.எஸ். என்ற விரைவு மின்சார ரயில் எல்லாமும் இங்கே நிற்காது. கம்மூட்டர் என்ற உள்ளூர் ரயில் தெற்கே தஞ்சோங் மாலிமோடு சரி; இங்கே வராது. திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

பிரிட்டிஷ் தரப்பின் 11-வது இந்தியக் காலாட்படை டிவிஷன் நொறுங்கிய ஊர் இது. அந்த எண்ணில் முதல் டிவிஷன் 1914 டிசம்பரில் சூயஸ் கால்வாயைக் காக்க எகிப்தில் அமைந்தது. மறு ஆண்டே கலைந்தது. அடுத்த உலகப் போரில் அதே எண்ணில் இன்னொரு டிவிஷன் மலாயாவின் வடக்கில் நின்றது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் ஜப்பானியரிடம் பலத்த அடி. அங்கே சிதறிய 1/14 பஞ்சாப் பட்டாளத்தின் கேப்டன் மோகன் சிங்தான் பிறகு முதல் இந்திய தேசிய ராணுவத்தை அமைத்தவர். அது கலைந்து, நேதாஜி வந்தபின் மறுபடி எழுந்த படையில்தான் நம் தோட்டத்து ஆட்கள் திரண்டு சேர்ந்தார்கள். ஜித்ராவிலிருந்து தெற்கே பின்வாங்கி, கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை டிவிஷன் அசையாமல் நின்றது. கடலோரமாக ஜப்பானியர் தெற்கே இறங்கி முதுகுப் பக்கம் வந்ததால்தான் அந்தக் குன்றுகளை விட்டது.

சிலிம் ரிவரில் என்ன நடந்தது என்பது ரோட்டில் நின்றால்தான் விளங்கும். 1942 ஜனவரி 7, விடியும் முன்பே துரோலாக் பக்கம் ஜப்பானிய டாங்கிகள் வந்தன. மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. மெயின் ரோட்டில் தடுப்பும் கொஞ்சம் கண்ணிவெடியும் வைத்திருந்தார்கள். ரோட்டை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் பக்கத்திலேயே கிடந்தன; அவற்றை அடைக்கவில்லை. டாங்கிகள் அதில் புகுந்து தடுப்புக்குப் பின்னால் ஏறிவிட்டன. இந்த ஒரு தவறுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. டெலிபோன் கம்பியும் பற்றாக்குறை. முன்னால் நின்ற, டிவிஷனின் ஒரு பகுதியான 12-வது பிரிகேட் உடைந்த சேதி பின்னால் இருந்த 28-வது பிரிகேடுக்கு நேரத்தில் போகவில்லை. குளுனி தோட்டத்துப் பக்கம் ரோட்டில் நடந்துகொண்டிருந்த 2/1 கூர்க்கா பட்டாளத்தின் முதுகில் டாங்கிகள் பாய்ந்தன.

சிலிம் ஆற்றுப் பாலத்தில் இருந்தவை 40 மி.மீ. போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கிகள். அவற்றின் குண்டுகள் டாங்கித் தகட்டில் பட்டுத் தெறித்தன. பாலத்துக்கு வைத்த வெடி வெடிக்கவே இல்லை. அதையும் தாண்டி ஓடிய டாங்கியை 4.5 அங்குல ஹொவிட்சர் பீரங்கி ஒன்று நேருக்கு நேர் அடித்த பிறகுதான் ஓட்டம் நின்றது. ஒரே காலையில் இரண்டு பிரிகேட் போயிற்று; கோலாலம்பூருக்கு வழி திறந்தது.

டவுனில் சுடச்சுட ரொட்டி சானாயும் தேத்தாரேயும் முடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் துரோலாக்கிலிருந்து தெற்கு நோக்கி வாருங்கள். டாங்கிகள் வந்த திசை அதுதான். லோரிகள் விரட்டும் ரோடு. காரை ஓரம்கட்டிவிட்டே வளைவுகளைப் பாருங்கள்.