பையில் தீப்பெட்டி வேண்டாம்

மலையேற்றத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வேலையில், கிளம்பும் முன் பைகளைப் பார்த்தால் யாரிடமாவது லைட்டர் இருக்கும். "வழி தப்பினா தீ மூட்டித்தானே கூப்பிட முடியும்?" என்பார்கள். பிப்ரவரி முதல் மே வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் புல் சரிவுகளில் எங்கள் பதில் ஒன்றுதான்: கீழேயே வைத்துவிட்டு வாருங்கள்.

2003 அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில், வழி தவறிய வேட்டைக்காரர் ஒருவர் உதவி கேட்டுத் தீ மூட்டினார். ஹெலிகாப்டர் வந்து அவரை மீட்டது. அந்தத் தீயோ 2,70,000 ஏக்கருக்கு மேல் எரித்து, 15 பேரைக் கொன்றது.

சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேலேதான் ஏறும். 2018 மார்ச் 11 அன்று தீப்பிடித்து 23 உயிர்களைப் பறித்த குரங்கணியும் காய்ந்த புல் மண்டிய செங்குத்துச் சரிவுதான். சிறிய தீயை அணைப்பதும் லேசான வேலையில்லை. தண்ணீர் ஊற்றி, குச்சியால் அடிவரை கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே வைத்துச் சூடு தெரியாவிட்டால்தான் அணைந்ததாகக் கணக்கு. மேலே சாம்பல் ஆறியிருக்கும். அடியில் வேரும் சருகும் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். குடிக்க வைத்திருக்கும் இரண்டு லிட்டர் இதற்குக் காணாது.

தீ துரத்தினால் முன்னால் உள்ள புல்லை எரித்துவிட்டு அந்தச் சாம்பலில் படுக்கலாமே என்ற வாதத்தை நாங்கள் மதிக்கிறோம். 1949-இல் அமெரிக்காவின் மொன்டானாவில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் காட்டுத்தீயில் சிக்கிய வாக் டாட்ஜ் அப்படித்தான் பிழைத்தார். ஆனால் அவர் தீயணைப்புக் குழுவின் தலைவர். அவர் கூப்பிட்டும் யாரும் அந்தச் சாம்பலுக்குள் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். மலையேற்றக் குழுவில் பாதிப் பேர் உங்களுக்கு மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வைக்கும் தீ அவர்களை நோக்கித்தான் ஓடும்.

ஆளை அழைக்க விசில் போதும்: மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி மூன்று. பகலில் வெயிலைத் திருப்பிக் காட்ட முகம் பார்க்கும் கண்ணாடி, இரவில் தலையில் மாட்டும் விளக்கு. குளிருக்கு முதலில் ஈர உடையை மாற்றுங்கள், காலிப் பையை அடியில் போட்டு உட்காருங்கள், அதன்பிறகு உடல் சூட்டைக் காக்கும் வெள்ளி நிற அவசரப் போர்வையைப் போர்த்துங்கள். தண்ணீரைச் சுத்தப்படுத்தக் குளோரின் மாத்திரை. சாப்பாட்டுக்கு அவல், வெல்லம், வேர்க்கடலை.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களைத் தனியாகக் கூப்பிட்டு முன்பே பேசிவிடுவோம். சொல்லியும் லைட்டரை ஒளித்துக் கொண்டுவருவது பெரும்பாலும் அதற்காகத்தான்.