2/24: ஒரு மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்த அனுபவம்

இங்கிலாந்தில் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிக்கிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் மார்ட்டினி-ஹென்றியில் வந்து நிற்பார்கள். நானும் வந்து நின்றேன். 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி இது. அடியில் இருக்கும் லீவரை இறக்கி, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட வேண்டும். அந்த .577/450 தோட்டா இப்போது வழக்கொழிந்த வகை என்று அரசே பட்டியல் போட்டிருப்பதால், சுடாமல் காட்சிப்பொருளாக வைத்திருக்கும் வரை இங்கே லைசென்ஸ் கேட்பதில்லை. வாங்குவது சுலபம், அதனால் சந்தையும் பெரிது. ஏமாற்று வேலையும் அதே அளவுக்குப் பெரிது.

நான் பார்க்கப் போன துப்பாக்கிக்குச் சொன்ன விலை, அதே நிலையிலிருக்கும் இன்னொரு மார்ட்டினிக்குக் கேட்பதைப்போல மூன்று மடங்கு. காரணம், பின்கட்டையின் முனையில் இருக்கும் இரும்புத் தகட்டில் குத்தியிருந்த ஒரு சின்ன எண்: 2/24. 24ஆம் காலாட்படையின் இரண்டாம் பட்டாலியன் என்று அர்த்தம். 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில், இசண்டல்வானாவில் ஸூலு படையிடம் பிரிட்டிஷ் முகாம் ஒன்று முழுதாக அழிந்தது. அன்று மாலையே பக்கத்திலிருந்த ரோர்க்ஸ் டிரிஃப்டில் அந்த இரண்டாம் பட்டாலியனின் ஒரு கம்பெனியும் கூட இருந்த மற்றவர்களும், மொத்தம் சுமார் 150 பேர், விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள். 11 விக்டோரியா கிராஸ் பதக்கங்கள் கிடைத்த சண்டை. அந்தப் படையின் எண் இருந்தால் இரும்பும் மரமும் சரித்திரமாகிவிடுகிறது, விலையும் எகிறிவிடுகிறது.

ஆகவே என் கணக்கு ரொம்ப எளிது. ஒரு துப்பாக்கியில் பத்துப் பன்னிரண்டு முத்திரைகள் இருக்கும். அவற்றில் எது விலையை ஏற்றுகிறதோ அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். யாரும் மெனக்கெட்டு ஆய்வாளர் முத்திரையைப் போலியாகக் குத்த மாட்டார்கள், அதனால் விலை ஒரு பைசாகூட ஏறாது. முழுத் துப்பாக்கியும் போலியாக இருப்பது அரிது. உண்மையான துப்பாக்கியில் ஒரே ஒரு பொய் சேர்ப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். பழைய பத்திரத்தில் ஒரு வரியை மட்டும் புது மையில் சேர்ப்பதைப் போல.

நேரில் போவதற்கு முன்னால் படங்களை வாங்கி, முதலில் வருடங்களைச் சரிபார்த்தேன். இதற்குப் பூதக்கண்ணாடிகூட வேண்டாம். மார்க் 2 வகை 1877-ல் வந்தது. மார்க் 3-க்கு ஒப்புதல் கிடைத்ததே 1879 ஜனவரிக்குப் பிறகுதான், மார்க் 4 இன்னும் பல வருடம் கழித்து. ஆக, மார்க் 3-லோ 4-லோ 'ஸூலு போர்' என்று யாராவது சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். இன்னொன்று: 1881-ல் படைகளைத் திருத்தியமைத்தபோது 24ஆம் படையின் பெயர் சௌத் வேல்ஸ் பார்டரர்ஸ் என்று மாறியது. அதனால் 1885 என்று வருடம் போட்ட துப்பாக்கியில் வெறும் 24 என்ற எண் இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். இந்தத் தப்பைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு கண்காட்சியில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

நான் பார்க்கவிருந்த துப்பாக்கி இந்தச் சோதனையில் தேறிவிட்டது. வலப்பக்கம் கிரீடம், அதன்கீழ் வி.ஆர். (விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா ராணி), என்ஃபீல்டு (அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை), 1875. கூடவே மார்க் எண்ணாக ரோமன் இரண்டு. படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் உடனே துள்ளினார்: "1875-ல ஏதுப்பா மார்க் 2? பாரு, ரெண்டு கோடும் ஒரே மாதிரியே இல்ல. இது போலிதான்." அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இரண்டாவது கோடு கொஞ்சம் சாய்ந்து, சற்று ஆழமாகவே இருந்தது. ஆனால் மார்க் 1 துப்பாக்கிகளை ராணுவமே திரும்ப வாங்கி, உள்ளே பாகங்களை மாற்றி மார்க் 2 ஆக்கியது. அப்போது பழைய ஒற்றைக் கோட்டின் பக்கத்தில் இன்னொரு கோட்டைக் குத்தினார்கள். கோடுகள் ஒத்துப்போகாததுதான் இங்கே நல்ல சகுனம்.

அப்புறம் கைபர் பக்கத்துச் சரக்கு. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கையால் துப்பாக்கி செய்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் இருந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக வாங்கிவந்த 'பிரிட்டிஷ்' மார்ட்டினிகளில் நிறைய இந்த வகை. கொல்லர்களின் கைத்திறன் அபாரம், ஆங்கிலம்தான் வராது. என்ஃபீல்டு என்ற பெயரில் 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கும். விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் இறந்துவிட்டார், ஆனால் வி.ஆர். போட்டு அதன்கீழ் 1910 என்றோ 1919 என்றோ வருடம் இருக்கும். கிரீடம் காலிஃபிளவர் மாதிரி இருக்கும். இவை ஏமாற்றப் பிறந்தவை என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அந்த முத்திரை இருந்தால்தான் துப்பாக்கி என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். எனக்கு இவற்றின்மேல் தனிப் பிரியம் உண்டு. என்னைப் பயமுறுத்துவது இங்கேயே, நல்ல வெளிச்சத்தில், புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குத்தப்படும் முத்திரைகள்தான்.

நேரில் போனபோது நான் கொண்டுபோனவை: நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், பஞ்சுக்குச்சி, கொஞ்சம் அசிட்டோன். டார்ச்தான் முக்கியம். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. இரும்போடு ஒட்டி, படுக்கைவாட்டில் அடிக்க வேண்டும். அப்போது மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழும்பி நிற்கும்.

குத்திய எழுத்துக்கும் செதுக்கிய எழுத்துக்கும் வித்தியாசம் அப்போது தெரியும். குத்தும்போது இரும்பு எங்கும் போவதில்லை, ஓரத்தில் ஒதுங்கிச் சின்ன வரப்பாக நிற்கும். செதுக்கினால் இரும்பே வெளியே வந்துவிடும், பள்ளத்தின் அடியில் உளி போன கோடுகள் இருக்கும். அந்த வரப்பும் நூற்றைம்பது வருடம் கைபட்டு, எண்ணெய் போட்டுத் துடைத்ததில் தேய்ந்து போயிருக்க வேண்டும். நகத்தால் தடவினால் இன்னும் சுருக்கென்று இடித்தால் யோசிக்க வேண்டும். இதைவிட எனக்கு நம்பிக்கையானது துருக்குழிகள். எழுத்தின் உள்ளேயும் வெளியேயும் துரு ஒரே மாதிரி அரித்திருந்தால் எழுத்து பழசு. ஒரு குழியை எழுத்து வெட்டிக்கொண்டு போயிருந்தால், அங்கே முதலில் வந்தது துரு, பிறகுதான் எழுத்து.

இந்த 2/24-ல் இரண்டு என்ற எண்ணின் வால் ஒரு குழியை நறுக்கென்று வெட்டிக்கொண்டு போயிருந்தது. எண்கள் மூன்றும் ஒரே நேர்கோட்டில், ஒரே ஆழத்தில். பட்டாலியனின் ஆயுதப் பணிமனையில் ஒருவர் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளுக்குக் கையால் குத்துகிற முத்திரை இவ்வளவு ஒழுங்காக வருவது அபூர்வம். அதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஒழுங்கான ஆட்களும் இருந்திருப்பார்கள். பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டுத் துடைக்கலாமா என்று கேட்டேன். விற்பவர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் சரி என்றார். எழுத்துப் பள்ளங்களிலிருந்து கறுப்பு மெழுகு மாதிரி ஒன்று வந்தது, அடியில் இரும்பு சாம்பல் நிறத்தில் புதுசாக இருந்தது. தகட்டின் மற்ற இடமெல்லாம் அடர் பழுப்பு.

முடிவைச் சொன்னது மரம். தகடும் கட்டையும் சேரும் இடத்தில் இரண்டும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். என்ஃபீல்டில் இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இழைத்திருப்பார்கள். இங்கே எண் இருந்த இடத்தில் மட்டும் இரும்பு மரத்தைவிட ஒரு மயிரிழை தாழ்ந்து இருந்தது. விரல் வைத்தால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அங்கே முன்பு வேறு ஏதோ இருந்திருக்கிறது, அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டு மேலே 2/24 குத்தியிருக்கிறார்கள். டார்ச்சை இன்னும் சாய்த்துப் பிடித்தபோது நான்குக்கு வலப்புறம் ஒரு வளைவு மிச்சமிருந்தது. அது தேவநாகரி எண் ஒன்றின் கொக்கி.

அது எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மமில்லை. 2003-ல் காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஆயுதக்கிடங்கை மேலைநாட்டு வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள். பல்லாயிரம் துப்பாக்கிகள் வெளியே வந்தன, மார்ட்டினிகளும் அதில் ஏராளம். நேபாளத்தார் தேவநாகரியில் எண் குத்திவைத்திருந்தார்கள். பிரிட்டிஷார் பயன்படுத்திய துப்பாக்கி பின்னால் நேபாளம் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. அது 24ஆம் படையிலும் இருந்திருக்கலாம் என்று விற்பவர் இழுத்தார். இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு இந்தத் துப்பாக்கியில் எந்தச் சாட்சியும் இல்லை. அவர் எடுத்துக்காட்டிய சான்றிதழ் அவரே கம்ப்யூட்டரில் தட்டி அச்சடித்தது. அது அவர் வாய்ச்சொல்தான், தாளில்.

இந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்தான் குத்தினார் என்று எனக்குத் தெரியாது, அவரும் யாரிடமோ ஏமாந்து வாங்கியிருக்கலாம். அதனால் 'போலி' என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. டார்ச்சை அவர் கையில் கொடுத்து, சாய்த்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பேசவில்லை. சாதாரண நேபாள மார்ட்டினிக்கு உரிய விலையைச் சொன்னேன். தலையாட்டி மறுத்துவிட்டார், நானும் கிளம்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து வேறு ஒருவரிடம் மார்க் 2 ஒன்று வாங்கினேன். பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. அண்டு எம். கம்பெனி (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் அண்டு மெட்டல்) செய்தது. தகட்டில் தேவநாகரி எண் யாரும் தொடாமல் அப்படியே இருக்கிறது. கட்டையில் ஒரு நீள விரிசல், அதைப் பழைய ஆணி ஒன்று பிடித்துவைத்திருக்கிறது. ஆணியை எடுக்கலாமா, விடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.