அட்டையில் பெயர் இல்லாத குழந்தை

பிறந்த இரண்டாம் நாளே, என் மகளின் நகங்கள் நாவற்பழச் சாறு பட்டதுபோல் இருக்கின்றன என்று மாமியார் சொன்னார். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும் பாட்டி, துணியைச் சுற்றுங்கள்" என்று செவிலியர் நகர்ந்துவிட்டார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிறந்து ஒரு நாள் ஆனதும் வலக்கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்திருந்தால் போதும், இதயத்தில் கோளாறு என்று அன்றே தெரிந்திருக்கும். சில நிமிட வேலை. இரண்டில் எதிலாவது 95 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, விடாமல் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 90-க்குக் கீழே என்றால் காத்திருக்கவே கூடாது. நான்காம் நாள் அரசு மருத்துவமனையில் அந்தச் சிவப்பு விளக்குப் பட்டையை ஒட்டியபோது எங்களுக்கு வந்த எண் 68.

இதயத்திலிருந்து புறப்படும் இரு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருந்தன. பிறந்தபின் மூடிக்கொள்ளும் ஒரு சிறு குழாய் இன்னும் முழுதாக மூடாததால்தான் அதுவரை தாங்கியிருந்தாள். அது மூடாமலிருக்க புராஸ்டாகிளாண்டின் மருந்தை ஏற்றியபடி சென்னைக்கு அனுப்பினார்கள். அந்த மருந்து ஓடும்போது குழந்தையின் மூச்சு நின்றுபோகலாம். ஆம்புலன்ஸில் செயற்கை சுவாசக் கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் உண்டா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். வழியில் ஒருமுறை அவளுக்கு நின்றது. உடன் வந்த செவிலியர் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி மீட்டார். அவருக்கு என்ன செய்தாலும் தகும்.

அடுத்தது முதலமைச்சர் காப்பீடு. திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகியும் மனைவியின் பெயர் மாமனாரின் குடும்ப அட்டையிலேயே கிடந்தது. மருத்துவமனைச் சீட்டில் குழந்தைக்குப் பெயரில்லை. மனைவி பெயரைப் போட்டு, அவருடைய குழந்தை என்றிருந்தது. "தாயின் பெயரே உங்கள் அட்டையில் இல்லை. இது உங்கள் குழந்தை என்று எப்படி எடுத்துக்கொள்வது?" என்றார் எழுத்தர். புது வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று ஊருக்குத் துரத்தினார். முதல் சில வாரங்களுக்குள் செய்யவேண்டிய அறுவை சிகிச்சை இது. தள்ளிப்போனால் இடது கீழறை வலுவிழந்துவிடும். இரண்டு நாள் அலைந்து வாங்கி வந்தால், அது தேவையே இல்லையாம். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் போதும் என்று பக்கத்து மேசை அம்மாதான் சொன்னார். மாலைக்குள் ஒப்புதல் வந்தது.

பிரசவத்துக்கு முன்பே குடும்ப அட்டையைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறப்பையும் தாமதிக்காமல் பதிவுசெய்துவிடுங்கள்.

பன்னிரண்டாம் நாள் குழாய்களை இடம் மாற்றித் தைத்தார்கள். நன்றாக இருக்கிறாள். மாமியார் மட்டும் இன்னமும் தினமும் காலையில் அவள் விரல்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். நாங்கள் தடுப்பதில்லை.