ப்ரீபயாட்டிக் தீவனம்: எண்ணிக்கை அசையவில்லை, ஓடு தேறியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முட்டை எண்ணிக்கை கூடவே இல்லை. பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். என் கிராமப்பிரியா ரக முட்டைக்கோழிகளைக் கம்பிவலையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் எம்.ஓ.எஸ். (மானன் ஒலிகோசாக்கரைடு) என்ற ப்ரீபயாட்டிக் பவுடரை, அதாவது குடல் நலத்துக்காகத் தீவனத்தில் கலப்பதை, கொடுத்தேன். ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் சரக்கு அது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இட்டன. ஆனால் கொடுத்த பக்கம் ஓடு கட்டாத தோல்முட்டையும் கீறல் முட்டையும் குறைந்தன. பின்புறம் அப்பிக் கிடக்கும் கழிச்சலும் குறைந்ததால் முட்டை சுத்தமாக வருகிறது.

பிரிக்காமல் கொடுத்திருந்தால் ஏமாந்திருப்பேன். நம்ம காரைக்குடி வெயிலில் கோழி வாய் பிளந்து இரைத்தாலே ஓடு மெலியும். மழை விழுந்து குளிர்ந்தால் தானாகவே தேறும். அந்தப் புண்ணியத்தையும் பவுடர் கணக்கில் எழுதியிருப்பேன்.

உயிரை வாங்கியது கலக்குகிற வேலைதான். டன்னுக்கு ஒரு கிலோ என்றால் 50 கிலோ மூட்டைக்கு 50 கிராம். முதலில் ஒரு கிலோ தவிட்டில், அப்புறம் ஐந்து கிலோ தீவனத்தில், அப்புறம் மூட்டையில் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அதற்குப் பிறகுதான் தொல்லை. கோழி மக்காச்சோள உடைசலைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தூளைத் தொட்டியிலேயே விட்டுவிடும். காசு கொடுத்த சரக்கெல்லாம் அந்தத் தூளில்தான் கிடக்கிறது! தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், சாயங்காலத்துக்குள் புளித்த வாடை. பூசணம் பிடித்தால் அது வேறு வினை.

கடைசியில் கைகொடுத்தது கடலை எண்ணெய். உடைசலை மட்டும் தனியே சலித்தெடுத்து, உள்ளங்கையில் லேசாக மினுங்கும் அளவுக்கு எண்ணெய் விட்டுப் பிசற வேண்டும். அதன்மேல் தவிட்டுக் கலவையைத் தூவிப் புரட்டினால் ஒவ்வொரு உடைசலிலும் திருநீறு பூசினாற்போல் படிகிறது. எண்ணெய் கூடினால் கட்டி கட்டும், குறைந்தால் உதிரும். நாள்பட்டால் காறல் வாடை வரும் என்பதால் மூட்டை முழுவதையும் ஒரே தடவையில் கலப்பதில்லை. தினம் ஒருமுறை தொட்டி காலியாகும்வரை மறுதீவனம் போடுவதும் இல்லை.

இ.கோலை, சால்மோனெல்லா என்ற குடல் கிருமிகளின் வகைகள் பலவும் குடல் சுவரில் உள்ள மானோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் தங்கும். எம்.ஓ.எஸ்.ஸிலும் அதே சர்க்கரை இருப்பதால் அதில் ஒட்டிக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும். குடல் சரியானால் தின்ற கால்சியம் ஓட்டுக்குப் போய்ச் சேரும் என்பது என் கணிப்பு. தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இல்லாவிட்டால் எந்தப் பவுடரும் ஓடு கட்டாது. கிளிஞ்சலை நிறுத்திவிடாதீர்கள்.

ஓட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. அடர்த்திமானி வைத்து ஒப்படர்த்தி 1.080 அளவில் உப்புக் கரைசல் கரைத்து, அன்றன்று இட்ட முட்டையைப் போட்டுப் பார்க்கிறேன். மூழ்கினால் தடித்த ஓடு, மிதந்தால் மெலிசு.

நான் வாங்கிய கடையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒலிகோசாக்கரைடு எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் ஒரு வரி கிடையாது. கேட்டால், "எல்லாரும் இதைத்தாண்ணே வாங்குறாக" என்று பதில். நாமக்கல் பக்கம் விவரம் அச்சிட்ட 25 கிலோ பை கிடைக்கும். கொல்லையில் வளர்ப்பவனுக்கு அது ஆயுசுக்கும் போதும். தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்தால் பங்கு போட்டு வாங்கலாம்.

அடுத்துக் கொடுத்துப் பார்க்கப் போவது பூண்டு. அதில் இன்யூலின் வகை நார் உண்டு. குருட்டுக்குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு அது தீனி. வெங்காயத்திலும் உண்டு, ஆனால் அளவு மீறினால் கோழிக்கு இரத்தச்சோகை வரும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. சந்தையில் பொடிப்பூண்டு வாங்கி வந்து காயவைத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆச்சி, "குழம்புக்குப் போடுற பூண்டக் கோழிக்கா போடப் போற?" என்று கேட்டுவிட்டுப் போனார். எம்.ஓ.எஸ். இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. அதற்குள் மூன்றாவது தடுப்புக்குக் கம்பிவலையும் வாங்கியாயிற்று.