சுவர் கிடைத்த பிறகு

எங்கள் கலைக்கூடத்தின் பக்கச் சுவரில் ஓவியம் வரைய ஆள் தேடி நான் எழுதிய முதல் அறிவிப்பை இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. சுவரும் வண்ணமும் நாங்கள் தருவோம், ஓவியருக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும் என்று எழுதியிருந்தேன். கூடத்தில் பயிற்சி கொடுக்கும் ஓவியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "சாரம் கட்டுகிறவருக்கும் விளம்பரம்தானா, அவருக்கு மட்டும் கூலியா?" என்று கேட்டார். அறிவிப்பைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் முறை, பழைய வேலைகளின் படங்களை மட்டும் கேட்டோம். வந்த 38 பேரில் மூவரைத் தேர்ந்தெடுத்து, மாதிரிப் படம் வரைய மூவருக்கும் பணம் கொடுத்தோம். தேர்வாகாத இருவரின் படங்கள் அவர்களுக்கே சொந்தம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டோம். அதற்குப் பணம்? மூன்று மாடி உயரத்துக்கு வரைவதாக இருந்ததை ஒரு மாடியாகக் குறைத்தோம். சுவர் சிறுத்தாலும் பரவாயில்லை, கூலி சிறுக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

குழுக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருவர் மரம் கேட்டார், ஒருவர் புத்தகம் கேட்டார், இன்னொருவர் புறா கேட்டார். தேர்வான ஓவியர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, புறாவை மட்டும் வைத்துக்கொண்டார்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒப்பந்தம்தான். கட்டட உரிமையாளர் வாய்வார்த்தையாக ஒரே நாளில் சம்மதித்தவர், எழுத்தில் கொடுக்கப் பதினொரு வாரம் எடுத்துக்கொண்டார். நாளைக்குச் சுவரை இடிக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பது அவர் கவலை. நான் நியூயார்க்கில் சுவரோவியங்களுக்குப் பேர்போன ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற கட்டடத்தின் கதையைச் சொன்னேன். 2013இல் அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் ஓவியர்களுக்கு முறையாக அறிவிக்காமல் சுவர்களில் வெள்ளையடித்துவிட்டார். கலைஞர்களின் உரிமைக்கென அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டத்தின்படி, 2018இல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. எங்கள் ஓவியம் அந்தச் சட்டத்துக்குள் வராது என்பதையும் சொன்னேன். ஆனால் அவர் காதில் அந்தத் தொகை மட்டும்தான் விழுந்தது போலும். ஓவியத்தை அழிப்பதற்கு 90 நாள் முன்னதாக ஓவியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற வரிக்கு மறுநாளே கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது சுவரின் முறை. ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் ஒட்டி இரவு முழுக்க விட்டு வைக்கச் சொன்னார் ஓவியர். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மேலே ஒரு மழைநீர்க் குழாய் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றி, உப்புப் பூத்துப் பொரிந்த காரையைக் கொத்தியெடுத்து, புதிதாகப் பூசி, 28 நாள் காத்திருந்தோம். ஈரச் சுவரில் பூசியிருந்தால் அடுத்த மழைக்கே வண்ணம் தோலாக உரிந்து வந்திருக்கும்.

வரைய வந்த முதல் நாள் அவர் தூரிகையைத் தொடவில்லை. ஆளுக்கொரு சாக்பீஸைக் கொடுத்து, தெருவில் நின்றவர்களை எல்லாம் சுவரில் கிறுக்கச் சொன்னார். மீன், நட்சத்திரம், சுழி, யாரோ ஒருவரின் கையெழுத்து. ஒரு பாட்டி ஒரு பூவைப் போட்டுவிட்டு, "இவருக்கு வரையத் தெரியுமா, தெரியாதா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். கிறுக்கல்களைப் படமெடுத்து, அதன்மேல் மாதிரிப் படத்தைக் கைப்பேசியில் மெல்லிசாகப் படியவிட்டதும் விளங்கியது. புறாவின் அலகு மீனின் வாலில் தொடங்குகிறது, இறக்கை அந்தக் கையெழுத்தைத் தாண்டி வளைகிறது. ஒவ்வொரு கிறுக்கலும் ஓர் அடையாளக்கல். கட்டம் போட்டு அளக்கிற வேலையே இல்லை. மதியத்துக்குள் கோட்டுருவம் முழுவதும் சுவரில் ஏறிவிட்டது.

வண்ணம் தீட்ட ஒன்பது நாள் ஆனது. அதற்கு முன்னால் கடிதங்களிலும் காத்திருப்பிலும் ஏழு மாதம் போயிருந்தது. பாட்டி அவ்வப்போது வந்து தன் பூ எங்கே என்று கேட்பார். இடது இறக்கைக்கு அடியில் என்று காட்டுவோம்.

இப்போது எதிர்க் கட்டடத்துக்காரர் தன் சுவரிலும் வரைய ஆள் கேட்கிறார். மாதிரிப் படத்துக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று முதல் கடிதத்திலேயே பிரித்து எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை.